கேட்காத உப்பு: உணவுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

உணவுத் துறை, தமிழ்நாடு உப்பு நிறுவன அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் மதுரை செல்லூர்க்காரி. போன மாதம் ரேஷன் கடையில் கைரேகை வைத்துவிட்டு நிமிர்ந்தால், அரிசிப் பைக்கு மேலே இரண்டு பாக்கெட் உப்பு. "நான் கேக்கலையே தம்பி" என்றேன். "எடுத்துக்கங்கக்கா, நாங்களும் கணக்கு முடிக்கணும்ல" என்றார். வீட்டில் ஒன்றைப் பிரித்தால் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அம்மிக் குழவியால் தட்டித்தான் உடைத்தேன்.

விலையில் குறை சொல்ல மாட்டேன். 2014-ல் அம்மா உப்பு வந்தபோது அயோடின் உப்பு கிலோ 14 ரூபாய், இரும்புச் சத்தும் சேர்த்தது 21 ரூபாய் என்றார்கள். 2022-ல் நெய்தல் உப்பு வந்தது. ஆட்சி மாறினால் பாக்கெட்டில் பெயர் மாறும். உப்பு விளைவதென்னவோ ராமநாதபுரம் மாவட்டத்தில் அதே வாலிநோக்கம் அளத்தில்தான்.

ஆனால் எங்கள் தெருவில் ஓடுவது சைக்கிள்காரர் உப்பு. "உப்பேய்" என்று குரல் கேட்டால் பாத்திரத்தோடு வாசலுக்குப் போய்விடுவோம். படியில் அளந்து, மேலே ஒரு கை கொசுறும் போடுவார். எல்லாம் கல் உப்பு. மீன் கழுவ, ஊறுகாய் போட, குழம்புக்கு என எல்லாவற்றுக்கும் அதுதான். தூள் உப்பென்றால் என் மாமியாருக்குக் கைக்கணக்கே தப்பிவிடும்.

ஒருமுறை நர்ஸம்மா வந்து இரண்டு உப்பிலும் சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தார். அயோடின் இருந்தால் ஊதாவாகுமாம். ரேஷன் உப்பு ஊதாவாக மாறியது. சைக்கிள் உப்பு வெள்ளையாகவே இருந்தது. சாப்பாட்டுக்கு அயோடின் கலக்காத உப்பை விற்கக் கூடாது என்று 2006-லேயே தடை வந்தாயிற்று. அதற்காக அந்த மனிதரைப் பிடித்து அபராதம் போட்டுவிடாதீர்கள். அயோடின் ஏற்றிய கல் உப்பை மொத்த விலையில் அவருக்கே கொடுங்கள். உங்கள் கடை வாசலில் நாங்கள் நிற்பதைவிட வேகமாக அவர் வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பார்.

ரேஷனுக்கும் அதே கல் உப்பை அனுப்புங்கள், கேட்கிறவர்களுக்கு மட்டும். இன்னொன்று, மூட்டையை ஈரத் தரையில் போடாமல் கட்டை மேல் அடுக்கச் சொல்லுங்கள். ஈரம் பட்டால் அயோடின் குறைந்துகொண்டே போகும். கடையில் விற்கும்போது 15 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு உப்பில் 15 பங்கு அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. நான் உடைத்த அந்தக் கட்டியில் எவ்வளவு மிஞ்சியிருந்ததோ?

இரண்டாவது பாக்கெட்டை இன்னும் பிரிக்கவில்லை. சோதிக்க ஆள் அனுப்பினால் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
செல்லூர் குடும்ப அட்டைதாரர் ஒருத்தி