மாடிக்கோழி வளர்ப்போர் சங்கம், பெங்களூரு: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அல்சூர், மர்பி டவுன், லிங்கராஜபுரம் வட்டாரத்தில் மாடியிலும் கொல்லையிலும் கோழி வளர்க்கும் நாம் இவ்வாண்டும் மாதந்தோறும் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்ட நேரத்தைப் பெரும்பாலும் தின்றவை இரண்டு: இறகு நிறம், குடற்புழு.

நிறத்தில் தொடங்குகிறேன், வழக்கு நடந்தது அங்கேதான். உறுப்பினர் ஒருவர் தம் சாம்பல் சேவலுக்கும் சாம்பல் பெட்டைக்கும் பிறந்த முட்டைகளை இன்னொருவருக்கு அடைவைக்கக் கொடுத்தார். பொரிந்ததில் சில சாம்பல், சில கருப்பு, சில சாம்பல் தெறித்த அழுக்கு வெள்ளை. “முட்டையை மாற்றிவிட்டார்” என்று செயற்குழுவுக்குப் புகார் வந்தது, அதுவும் எழுத்து மூலம். யாரும் எதையும் மாற்றவில்லை. கருநிறத்தை வெளிறச் செய்யும் மரபணு ஒன்று உண்டு. அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குஞ்சு சாம்பல், இருவரிடமிருந்தும் வந்தால் தெறிப்பு வெள்ளை, வராவிட்டால் கருப்பு. ஆகவே சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் சராசரியாக நான்கில் இரண்டுதான் சாம்பல். அத்தனையும் சாம்பலாக வேண்டுமா? கருப்பையும் தெறிப்பையும் சேர்க்க வேண்டும்! ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்டுக் காட்டிய பிறகே நம்பினார்கள். இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

இறகில் குறுக்குக் கோடுகள் உள்ள வரிக்கோழியின் கணக்கு இதைவிடப் பயனுள்ளது. வரி மரபணு, குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இருப்பதால், வரிப்பெட்டை அதைத் தன் ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே தரும். கருப்புச் சேவலோடு சேர்த்தால், தலையில் வெள்ளைப் பொட்டுடன் பொரிவது ஆண், பொட்டில்லாதது பெட்டை. விடியுமுன் சேவல் கூவி வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கும் நமக்கு, முதல் நாளே ஆண் குஞ்சைப் பிரிக்க முடிவது சாதாரண விஷயமல்ல.

குடற்புழு விஷயத்தில் தவறு என்னுடையது. மழைக்காலம் முழுவதும் பூண்டுத் தண்ணீரும் வேப்பிலையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அக்டோபரில் ஒரு பெட்டையின் நெஞ்செலும்பு கத்திமுனைபோல் கைக்குத் தட்டுப்பட்டது. எச்சத்தில் வெள்ளைப் புழு நெளிந்தது. எச்சத்தைப் பரிசோதித்த மருத்துவர் உருண்டைப்புழு என்று சொல்லி, பைபரசின் என்ற புழுநீக்க மருந்தைக் கொடுத்தார். அது வளர்ந்த உருண்டைப்புழுவைத்தான் வெளியேற்றும். இளம்புழுக்கள் தப்பிவிடும் என்பதால் மூன்று வாரம் கழித்து மறுபடியும் கொடுத்தோம். நாடாப்புழுவுக்கு அது உதவாது. அந்தப் புழு எறும்பு, வண்டு வழியாக வருவதால், பூந்தொட்டி எறும்புகளையும் கவனிக்க வேண்டும். உருண்டைப்புழுவின் முட்டை ஈரக்குப்பையில் சில வாரங்களில் தொற்றும் நிலைக்கு முதிர்கிறது. அதனால் மருந்தைவிட, கூண்டின் அடியில் நனைந்த உமியை உடனுக்குடன் மாற்றுவதே மேல் என்பது என் கருத்து.

குப்பைமேனி, பப்பாளி விதை, பூண்டு கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவற்றை மட்டும் நம்பக் கூடாது, மழைக்கு முன்னும் பின்னும் எச்சப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. மூத்த உறுப்பினர் இருவர் எதிர்த்தனர், அது பதிவாகியுள்ளது. மருந்து கொடுத்த நாள்களில் முட்டையை எப்போதிலிருந்து உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

சங்கத்தின் பஞ்சாரங்களில் இரண்டு இரவல் போய்த் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரவும்.

செயலாளர்