மெய்யப்பனுக்கு, சிறு விமானத்தில் கண்ட நீர்வழிகள் பற்றி

காரைக்குடி,
மார்கழி 12.

அன்புள்ள மெய்யப்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு ஆச்சி கைத்தடி இல்லாமலே ஈப்போ கோயிலுக்கு நடந்து போய் வருகிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே விசாலாட்சியும் நானும் நலம். இந்த ஆண்டு ஐப்பசி மழை தாராளமாகப் பெய்தும் நம் ஊர் ஊருணி பாதிக்கு மேல் நிறையவில்லை. அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

மகள் உன்னை அமெரிக்காவுக்கு அழைத்திருப்பதையும், அங்கே கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைச் சிறு விமானத்தில் சுற்றிப் பார்ப்பதா, பெரு நாடு வரைக்கும் போய் நாஸ்கா பாலைத் தரையில் வரைந்திருக்கும் பெரிய கோடுகளைப் பார்ப்பதா என்று பேரன் கேட்பதையும் எழுதியிருந்தாய். எழுபதை நெருங்கும் வயதில் ஆறு பேர் அமரும் விமானத்தில் ஏறலாமா என்று நீ தயங்குவதும் புரிகிறது. மூன்று நாடுகளில் நான் அப்படிப் பறந்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

நாஸ்காவுக்குப் போ என்பதே என் யோசனை. கிராண்ட் கேன்யனை நான் பார்த்ததில்லை. 446 கிலோமீட்டர் நீளமும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட அந்தப் பள்ளத்தின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் விளிம்பில் காலையில் போய் நின்றாலே அது கண்முன் விரிந்துவிடும். நாஸ்காவின் உருவங்கள் அப்படியல்ல. அவற்றுக்கு நடுவே நின்றால் காலடியில் ஒரு வெளிறிய தடம் தெரியும், அவ்வளவுதான். பான் அமெரிக்கன் நெடுஞ்சாலையைப் போட்டவர்கள் ஒரு பெரிய பல்லியின் உருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றால், தரையில் இருப்பவர் கண்ணுக்கு அது எவ்வளவு மறைந்து கிடந்திருக்கும் என்று எண்ணிப் பார்.

அந்தப் பாலையின் மேற்பரப்பு முழுவதும் வெயிலில் கிடந்து கருஞ்சிவப்பேறிய கற்கள். அவற்றைப் பொறுக்கி இருபுறமும் ஒதுக்கினால் கீழே வெளிர்நிற மண் தெரியும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் இந்த ஒரு வேலையைக் கொண்டே குரங்கையும் சிலந்தியையும் 93 மீட்டர் நீளமுள்ள ஹம்மிங் பறவையையும் வரைந்தார்கள். அங்கே மழை இல்லை என்றே சொல்லலாம், ஆகையால் அவை இன்றும் அழியவில்லை. குரங்கின் சுருண்ட வாலை மேலிருந்து கண்டபோது, பொங்கலன்று நம் அப்பத்தாமார் வீட்டு வளவில் கையெடுக்காமல் ஒரே இழையாக இழுத்துக்கொண்டு போகும் நடுவீட்டுக் கோலம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. பெரும்பாலான உருவங்களில் கோடு எங்கேயும் தன்னைத் தானே வெட்டிக்கொள்வதில்லை. ஜெர்மனியில் பிறந்த மரியா ரைஷே என்ற கணித அறிஞர் அந்த வெயிலிலேயே ஆண்டுக்கணக்காகத் தங்கி, துடைப்பத்தால் கோடுகளைத் துலக்கி அளந்து, அவற்றைக் காப்பாற்றக் கடைசி வரை போராடினார். 1998-இல் அவர் காலமானார். நாஸ்காவின் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

நம் பக்கத்து மனிதர்கள் அங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. ஊருக்குச் சற்றுத் தள்ளி கந்தாயோக் என்ற இடத்தில், நத்தையின் ஓடு போலச் சுழன்று சுழன்று பூமிக்குள் இறங்கும் கல் கட்டிய கிணறுகள் வரிசையாக இருக்கின்றன. மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய் வழியே கொண்டுவந்து, ஆங்காங்கே மனிதர் இறங்கித் தூர் எடுக்க வழிவிட்டுக் கட்டிய அமைப்பு அது. இன்றும் அந்த நீரில் வெள்ளாமை நடக்கிறது. கோடுகளுக்கே தண்ணீரோடு தொடர்பு உண்டு என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். வறண்ட சீமையில் பிறந்த எனக்கு அந்தக் கருத்தை ஒதுக்கித் தள்ள மனம் வரவில்லை.

போட்ஸ்வானாவின் தலைநகர் காபரோனில் கணக்காளனாக இருந்த காலத்தில் மாவுன் என்ற சிற்றூரிலிருந்து ஒகவாங்கோ கழிமுகத்தின் மேல் பறந்ததை முன்பே உனக்கு எழுதியிருப்பேன். அங்கோலாவின் மலைகளில் தை, மாசியில் பெய்யும் மழை, மாதக்கணக்கில் ஊர்ந்து, மழையே இல்லாத ஆனி, ஆடியில் அந்தக் கலஹாரி மணலை வந்து நனைக்கிறது. கடலைச் சேராமல் மணலிலேயே விரிந்து முடிந்துபோகும் ஆறு அது. ஐந்நூறு அடி உயரத்தில் போகும்போது, நாணலுக்கு நடுவே நீர்யானைகள் நடந்து நடந்தே உண்டாக்கிய நீர்த்தடங்கள் நரம்புகள் போலத் தெரிந்தன. பெரிய விமானத்தில் முப்பதாயிரம் அடியில் இதெல்லாம் ஒரு பச்சைக் கறையாக ஓடிவிடும். படகிலோ அடுத்த வளைவுக்கு மேல் தெரியாது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட உயரமும் நிதானமும்தான் சிறு விமானம் நமக்குத் தருவது. செஸ்னா போன்ற விமானங்களில் இறக்கை தலைக்கு மேலே அமைந்திருப்பதால் கீழே பார்க்க மறைப்பும் குறைவு.

காசி யாத்திரை முடித்து விசாலாட்சியோடு காத்மாண்டு போனபோது எவரெஸ்டைக் காட்டும் ஒரு மணி நேரப் பயணத்திலும் ஏறினோம். 1933 ஏப்ரல் 3 அன்று பீகாரின் பூர்ணியாவிலிருந்து இரண்டு இரட்டையடுக்கு விமானங்கள் கிளம்பி முதன்முதலாக அந்தச் சிகரத்தைத் தாண்டிய செய்தியைப் பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கிறதா? விசாலாட்சி கைகூப்பியபடியே இருந்தாள். எனக்கோ மலைகள் எட்டத்திலேயே நின்றுவிட்டதாகத் தோன்றியது.

இனி உன் அச்சத்துக்கு வருகிறேன். விபத்துகள் நடக்கின்றன என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நாஸ்காவில் 2022 பிப்ரவரியில் ஒரு சிறு விமானம் விழுந்து அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள். கிராண்ட் கேன்யனில் 1986-இல் ஒரு சுற்றுலா விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் இறந்தார்கள். அதற்கு மறு ஆண்டே சட்டம் இயற்றி, பறக்கும் வழிகளுக்கும் உயரங்களுக்கும் வரம்பு கட்ட ஏற்பாடு செய்தார்கள். எனவே கட்டணம் குறைவு என்பதற்காக ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதே. நாங்கள் போன விமானத்தில் இரண்டு விமானிகள் இருந்தார்கள். ஏறுமுன் ஒவ்வொருவரையும் எடை போட்டு, அதற்கேற்ப இருக்கை ஒதுக்கினார்கள். எடை கேட்கிறார்களே என்று சங்கடப்படாதே, அந்தக் கணக்கில்தான் விமானத்தின் சமநிலை இருக்கிறது. காலை முதல் பயணத்துக்கே பதிவு செய். வெயில் ஏற ஏறத் தரைக்காற்று சூடாகி மேலெழும்பி விமானத்தைக் குலுக்கும். இரு பக்கத்தாரும் பார்க்க வேண்டுமென்று ஒவ்வொரு உருவத்தின் மேலும் வலமும் இடமுமாகச் சாய்த்து வட்டமடிப்பார்கள் என்பதால் வயிறு புரட்டும். ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள். புகைப்படம் எடுக்கும் வேலையைப் பேரனிடம் விட்டுவிட்டு நீ கண்ணால் பார். மொத்தமே அரை மணி நேரம்தான்.

அங்கிருந்து திரும்பிய பின் நம் ஊரையும் அப்படி மேலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் என்னை விடவில்லை. செட்டிநாட்டில் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம் சும்மா கிடக்கிறது. லண்டனுக்குப் போன இளம் வயதிலேயே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட அழகப்பச் செட்டியார் பிறந்த மண் இது. அந்த ஓடுதளத்திலிருந்து மாலை வெயிலில் ஒருமுறை கிளம்பினால் போதும். சாய்ந்த வெயிலில் கண்மாய்க் கரைகளின் நிழல் நீண்டு விழும்போது தூர்ந்துபோன நீர்வரத்துக்கால்கள்கூடத் தடம் காட்டும். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளின் ஓட்டுக்கூரையில் விழும் மழை எந்த வழியாக ஊருணிக்குப் போனது என்று புரியும். இப்போதைக்குப் பேத்தியின் கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். சிவன் கோயிலுக்கு வடக்கே ஒரு பச்சைக் கோடு மங்கலாகத் தெரிந்து, புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே மறைந்துவிடுகிறது. அது ஊருணியின் பழைய வரத்துக்கால், அது அடைபட்டதுதான் ஊருணி நிறையாததற்குக் காரணம் என்று நம்புகிறேன். அதைச் சொன்னால் பழைய காகிதம் ஏதாவது உண்டா என்று கேட்கிறார்கள்.

உன் ஐயா ஊருணி வேலையை மேற்பார்த்தபோது துணியில் வரைந்து வைத்திருந்த வரைபடத்தை நாம் சிறுவர்களாக இருந்தபோது வீட்டுப் பட்டாலையில் விரித்துப் பார்த்திருக்கிறோம். மடையும், மிகுநீர் வழியும் கலிங்கும் அதில் நீல மையில் இருந்தன. இரண்டாங்கட்டு அறையின் பர்மாத் தேக்குப் பெட்டியில் அது இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுது, உன் பங்காளிகளில் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு திறந்து பார்க்கிறேன். நாஸ்கா போய் வந்ததும் அந்தச் சுழல் கிணறுகளின் அருகே இறங்கி நடந்து பார்த்து, கால்வாயில் தூர் எடுப்பவர்களிடம் அதை ஆண்டில் எந்த மாதத்தில் செய்கிறார்கள் என்று கேட்டு எழுது. ஆச்சிக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் அன்புள்ள,
லெட்சுமணன்