ஓட்டைப் பல்லனுக்கு ஒரு மன்னிப்பு

தலவாக்கலை
ஞாயிறு இரவு

அன்புள்ள நெட்டைக்கு,

எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்லை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. திருவிழாவுக்கு வராமல் ஏமாற்றியதற்கு உன்னைத் திட்டி எழுதி வைத்திருந்த கடிதத்தை நானே கிழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் இப்போது நான். உன்னிடம் இல்லை, உன் மகனிடம்.

போன முறை அவன் சிரித்தபோது, "ஓட்டைப் பல்லா, சந்துக்குள்ள ஹட்டன் பஸ்ஸே போகும்டா" என்றேனே, ஞாபகமிருக்கிறதா? பிள்ளை முகம் சுருங்கிப் போனது, நீ முறைத்தாய். நானோ என் சின்னவளின் வாயைத் திறந்து காட்டி, நெருக்கிக் கட்டிய முத்து என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த முத்துதான் சொத்தை. மூன்று கிழமையாக ரொட்டியை ஒரு பக்கமாகவே மென்றாள். சேட்டை என்று அதட்டினேன், பாவி நான். ஒரு ராத்திரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டோர்ச் அடித்துப் பார்த்தால் ஓர் ஓட்டையும் தெரியவில்லை. அப்பாயி கிராம்பு வைத்தார், கேட்கவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் நுவரெலியா.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். கீழ்க் கடைவாய்ப் பால்பற்கள் இரண்டும் ஒட்டி நிற்கிற இடத்தில், ஒன்றை ஒன்று பார்த்தபடி கறுப்பு நிழல். அந்த இடுக்கில் பிரஷ் நார் நுழையாதாம். நான் இரண்டு வேளை தேய்த்துவிட்டதெல்லாம் மேலேயும் வெளியேயும்தான். பால்பல்லின் எனாமலும் மெல்லியது, சொத்தை சட்டென்று நரம்பைத் தொட்டுவிடும்.

"விழப்போற பல்தானே, பிடுங்கிடுங்க" என்றேன். கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தார் பார், நம் கணக்கு டீச்சரேதான்! கடைவாய்ப் பால்பல் 10, 12 வயது வரை நிற்க வேண்டியதாம். முன்கூட்டியே எடுத்தால், 6 வயதில் அதன் பின்னால் முளைக்கிற பெரிய பல் முன்னே சரிந்து, அடியில் காத்திருக்கும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பல்லை அடைத்தாயிற்று. மற்றதற்கு நரம்பு வைத்தியம், அடுத்த கிழமை.

கேள், பால்பல்லுக்கு இடையில் சந்து இருப்பதுதான் நல்லதாம்! பிறகு முளைக்கும் முன்பற்கள் பெரிது, அவற்றுக்கு இடம் வேண்டும். சாப்பாடும் அவ்வளவாகச் சிக்காது. உடனே துள்ளாதே. சீனிப் பால் சூப்பிப் போத்தலோடு தூங்கினால் சந்துப் பல்லும் சொத்தையாகும். உன் மாமியாருக்கு வாசித்துக் காட்டு.

உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கி நக்கிப் பிளேன்டீ குடிக்க அவளுக்குப் பழக்கியவள் யார்? நான்தான். நீயும் நானும் லயத்து வீட்டு வாசலில் குடித்த மாதிரி குடிக்கட்டுமே என்று ஓர் ஆசை. இப்போது சீனி டப்பா அலமாரி உச்சியில். ராத்திரியானால் அவளை மடியில் சாய்த்துப் பல்லிடுக்கில் நூல் விடுகிறேன். நேற்று என் விரலைக் கடித்தாள், வலிக்காத பக்கத்தால்தான்.

போனில் அவனைக் கொடு. பஸ் இன்னும் ஓடுகிறதா என்று கேட்க மாட்டேன்.

உன்
குண்டு