எங்கள் கரையில் இரவு தங்க ஒரு டாக்டர் வேண்டும்

சுகாதாரத் துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மெமோ நைட் டூட்டி பார்க்கும் நர்ஸம்மாவுக்குத்தான் போகும். எங்கள் மனுக்களும் கிராம சபைத் தீர்மானங்களும் உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. அதனால் பழைய கதையை விட்டுவிட்டுப் போன வாரத்துக்கு வருகிறேன்.

தொழிலுக்குப் போன என் மச்சான் மகனை, வலை இழுக்கும்போது கடல்பாம்பு கடித்துவிட்டது. கடித்த இடத்தில் பெரிய வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. கடல்பாம்புக் கடி அப்படித்தான், ஏமாற்றிவிடும். கரை சேர்வதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது, பேச்சு குழறியது, இமையைத் தூக்க முடியவில்லை. நள்ளிரவு தாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸம்மா ஒருவர்தான் இருந்தார். உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். டாக்டர் போனை உடனே எடுத்தார், என்னென்ன செய்ய வேண்டும் என்று பதறாமல் சொன்னார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர் பேசியது ராமநாதபுரம் டவுனிலிருந்து.

நம் நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். கடல்பாம்புக்கு அது கேட்காது. மூச்சு தடுமாறுகிறதா என்று கூடவே இருந்து பார்த்து, தடுமாறினால் உடனே தாங்கிப் பிடிக்கத் தெரிந்த ஆள்தான் அங்கே முதல் வைத்தியம். அந்த ஆள்தான் இல்லை. சீட்டு எழுதி 108-ல் ஏற்றிவிட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக அவன் நெஞ்சில் கை வைத்தபடியே போனேன்.

பிழைத்துக்கொண்டான். பெரிய ஆஸ்பத்திரியில் நன்றாகவே பார்த்தார்கள். அதான் பிழைத்துவிட்டானே, அப்புறம் என்ன என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.

டாக்டர் ஏன் டவுனில் இருக்கிறார்? ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே டாக்டர் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. இருக்கிறது என்றால், சுவர் நிற்கிறது. உப்புக்காற்றில் கூரைக்குள் கம்பி துருப்பிடித்துப் பெருத்து, சிமெண்டைத் தள்ளிவிட்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. ஜன்னல் கொக்கியை இழுத்தால் கையோடு வருகிறது. போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, சோப்புப் போட்டால் நுரைக்காது. குடிதண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்க வேண்டும். முன்பு ஒரு டாக்டரம்மா கைக்குழந்தையோடு வந்து அங்கே தங்கினார். ஒருநாள் தொட்டிலுக்குள்ளேயே காரை பெயர்ந்து விழுந்தது. பிள்ளை அந்த நேரம் பாட்டி இடுப்பில் இருந்தது. மறுவாரம் டவுனில் வீடு பிடித்துப் போய்விட்டார். நானாக இருந்தாலும் போயிருப்பேன். இப்போது அந்தத் திண்ணையில் ஆடுகள் படுத்திருக்கின்றன.

நோயாளர் நலச் சங்க நிதியில் டியூப்லைட் மாற்றலாம், குழாய் மாற்றலாம். இடியப்போகும் வீட்டை எடுத்துக் கட்ட முடியுமா? டாக்டரை அனுப்புகிறவர்கள் கட்டடம் எங்கள் பொறுப்பு இல்லை என்கிறார்கள். கட்டடத்தைப் பார்க்கிறவர்கள் நிதி வரவில்லை என்கிறார்கள். உப்புக்காற்று எந்த நிதியாண்டுக்கும் காத்திருப்பதில்லை. உள்ளே தள்ளி இருக்கிற ஊருக்கும் அலையடிக்கிற ஊருக்கும் பராமரிப்புப் பணம் ஒரே கணக்கில் வந்தால், எங்கள் கட்டடம் முதலில் விழத்தான் செய்யும்.

இன்னொரு கணக்கையும் சொல்கிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு "நைட் கேஸ் கம்மி"யாம். டாக்டர் இல்லாத இடத்துக்கு ராத்திரியில் யார் வருவார்கள்? வசதி உள்ளவன் நேரே கார் பிடித்து டவுனுக்குப் போகிறான், இல்லாதவன் விடியட்டும் என்று வலியோடு கிடக்கிறான். ரிஜிஸ்டர் காலியாக இருக்கிறது. காலி ரிஜிஸ்டரைக் காட்டி டாக்டர் தேவையில்லை என்று எழுதுகிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டவர் ஒரு ராத்திரி இங்கே வயிற்றுவலியோடு இருந்து பார்க்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. மலையில் தூரமும் பாதையும் கஷ்டம் என்று புரிந்துகொண்டவர்கள், கடலை ஏன் மறந்தார்கள்? எங்கள் ஆட்களுக்குப் பாதி ஆபத்து கரையை விட்டு வெகுதூரத்தில் நடக்கிறது. படகு கரைக்கு வரும்போதே பாதி நேரம் போய்விடுகிறது. மீதியையும் ரோட்டில் தொலைக்கச் சொல்கிறீர்கள்.

சரி, எங்கள் மாவட்டத்தின் பெருமை தெரியாதா என்ன. அதிகாரிகளை மிரட்டுவதற்கென்றே "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று ஒரு வசனம் வைத்திருக்கிறீர்கள். இங்கே வருவது அவர்களுக்குத் தண்டனை, மூன்று வருடத்தில் முடிந்துவிடும். இங்கேயே பிறந்தவன் என்ன குற்றம் செய்தான்? 2018-ல், பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்றுவதற்காக மத்திய அரசு போட்ட பட்டியலில், 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று எங்களைச் சேர்த்தார்கள். விழைந்துகொண்டே இருக்கிறோம். 2017-ல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றது. 2025 போய்விட்டது. அந்த இரண்டு பங்கில் ஒரு மூட்டை சிமெண்ட் கூட எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேரவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது, அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. என் மச்சான் மகனைக் காப்பாற்றியதே அப்படி ஒரு பெரிய ஆஸ்பத்திரிதான். அங்கே உயிரோடு போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் எங்கள் கவலை.

நாங்கள் ஸ்கேன் மெஷின் கேட்கவில்லை, நாலு மாடிக் கட்டடம் கேட்கவில்லை. இரவு தங்க ஒரு டாக்டர் வேண்டும். அவர் பிள்ளைகுட்டியோடு பயமில்லாமல் இருக்க ஒழுகாத வீடும் நல்ல தண்ணீரும் வேண்டும். கடலோர ஆஸ்பத்திரிகளுக்குப் பராமரிப்பு நிதியைத் தனியாகவும் கூடுதலாகவும் ஒதுக்க வேண்டும். நைட் கேஸ் கணக்கை விட்டுவிட்டு, அடுத்த பெரிய ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கைப் பார்த்துப் பணியிடம் தாருங்கள். இந்த நிதியாண்டிலேயே உத்தரவு போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வுக்கு வருவதாக இருந்தால் இரவு பதினொன்றுக்கு மேல் வாருங்கள். முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டாம், சொன்னால் அந்த வீட்டுக்கு வெள்ளையடித்து ஆட்டையும் ஓட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
கடற்கரை ஊர்க்காரன் ஒருவன்