ஞாயிறு ஓடைப் பயணம்: கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

வணக்கம் நண்பர்களே,

ஞாயிறு விடியும்போதே படகுகளை இறக்கிவிடுவோம். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று சிலர் கேட்டீர்கள். மீனுக்காகத்தான். தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் இருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். வெந்நீராகிவிட்ட மதியத்தில் தூண்டிலோடு போராடிக் களைத்த மீன், திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். அதனால் வெயில் ஏறியதும் தூண்டிலைச் சுருட்டிவிட்டுச் சும்மா மிதந்து வருவோம்.

விடப்போகும் மீனை ஈரக் கையால் மட்டும் தொடுங்கள். உலர்ந்த கை பட்டால் மேலே உள்ள வழுவழுப்பு உரிந்துவிடும். நோய் அண்டாமல் காப்பதே அதுதான். தலையை நீரோட்டத்துக்கு எதிராகக் காட்டிப் பிடியுங்கள். செவுள் சீராக அசையத் தொடங்கியதும் தானே நழுவிப் போகும்.

அப்புறம், லைஃப் ஜாக்கெட். படகில் கிடந்தால் போதாது, போட்டு வாரை இறுக்கியிருக்க வேண்டும். வளைவுகளில் சாய்ந்து கிடக்கும் மரங்கள்தான் எனக்குப் பெரிய பயம். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். தூரத்திலேயே துடுப்பு போட்டு விலகுங்கள். கவிழ்ந்தால் மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதந்து வாருங்கள். வேகமான நீரில் எழுந்து நிற்காதீர்கள், பாறை இடுக்கில் பாதம் சிக்கும்.

தண்ணீர் திடீரென்று கலங்கிச் சருகு மிதந்து வந்தால், ஓடையின் மேல்பகுதியில் மழை என்று அர்த்தம். உடனே கரையேறுங்கள்.

அறுந்த தூண்டில் நரம்பைப் போட ஆளுக்கொரு பை வேண்டும். வருபவர்கள் சனி மாலைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.