செயலாளரின் ஆண்டறிக்கை: மரத்துக் காளான்கள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காளான் தேடும் நடைகள் இந்த ஆண்டும் வழக்கம்போல நடந்தன. மழையில்லாத மாதங்களில் மட்டும் உள்ளே உட்கார்ந்து, காய்ந்த மாதிரிகளை வைத்துப் பேசினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர்கள் கண்ட மரத்துக் காளான்களைப் படத்தோடு குறித்துவைக்கும் பதிவேட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

வந்த படங்களில் பெரும்பாலானவை மேலிருந்து எடுத்தவை. அழகுதான், ஆனால் அடிப்பக்கம் தெரியாமல் பெயர் வைப்பது கடினம். வண்ண வளையங்களோடு மெல்லிய தட்டாக இருந்தாலே ட்ராமெட்டீஸ் வெர்சிகலர் என்று எழுதிவிடுகிறார்கள். அதன் அடியில் வெளிறிய நுண்துளைகள் இருக்க வேண்டும். துளையே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் ஸ்டீரியம் என்ற வேறு காளானா என்று பாருங்கள். அடியில் இதழ் இதழாக இருக்கும் செவுள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, காய்ந்தால் சுருண்டு, நனைந்தால் விரிகிறதா? அது சைசோஃபில்லம் கம்யூன். கேனோடெர்மா அப்லனேட்டத்தின் வெள்ளை அடிப்பரப்பில் நகம் பட்டாலே பழுப்புக் கோடு விழும். அதில் ஓவியம் வரைகிறவர்களும் உண்டு. நம்மவர்கள் வரைவதற்கு முன் படம் எடுத்துவிட்டால் நல்லது.

மரத்தையும் குறியுங்கள்: ஊசியிலையா, அகன்ற இலையா, உயிரோடு நிற்கிறதா, விழுந்து கிடக்கிறதா. மரம் கட்டம் கட்டமாக வெடித்துப் பழுப்பாக உதிர்ந்தால், காளான் மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்று, அதை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைத்திருக்கிறது. வெளுத்து நார்நாராகப் பிரிந்தால் லிக்னினும் போய்விட்டது. அப்புறம் ஒரு சுவாரசியம்: துளைகள் எப்போதும் தரையை நோக்கியே வளரும். விழுந்த மரத்தில் பழைய தட்டு பக்கவாட்டில் திரும்பியிருந்தால், மரம் நிற்கும்போதே அது முளைத்துவிட்டது.

"கேனோடெர்மா, சிற்றினம் தெரியவில்லை" என்ற பதிவுகள் அதிகமாகிவிட்டன என்று சிலருக்குக் குறை. எனக்கு அதில் குறையே தெரியவில்லை. நுண்ணோக்கி இல்லாமல் பிரிக்க முடியாததை அப்படித்தான் எழுத வேண்டும்.

செயலாளரிடம் அதிகம் வந்த கேள்வி, "இதைச் சாப்பிடலாமா?" மட்கும் மரத்தில் முளைக்கும் சின்னப் பழுப்புக் காளான் கேலரினா மார்ஜினாட்டாவில் அமடாக்சின் நஞ்சு உண்டு. சமைத்தாலும் அது அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கவே பொதுவாக 6 மணி நேரத்துக்கு மேலாகும், அதற்குள் நஞ்சு உள்ளே போய்விட்டிருக்கும். சிப்பிக்காளான் போலத் தெரியும் ப்ளூரோசைபெல்லா போரிஜென்ஸ், ஜப்பானில் காலங்காலமாக உண்ணப்பட்டதுதான். 2004இல் அங்கே அதைத் தின்ற பலர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் சிறுநீரக நோயாளிகள். ஆகவே, படத்தைப் பார்த்து உண்ணத்தக்கது என்று சங்கத்தின் பெயரில் யாரும் சொல்லக்கூடாது எனச் செயற்குழு முடிவெடுத்தது.

வரும் ஆண்டுக்கான பதிவுப் படிவத்தில் அடிப்பக்கப் படம், மரம், ஸ்போர் பிரிண்ட் (காளானைத் தாளில் கவிழ்த்தால் படியும் வித்துத்தூள்) நிறம் ஆகிய மூன்றுக்கும் இடம் விட்டிருக்கிறோம். ஸ்போர் பிரிண்ட் எடுக்கும்போது பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் இரவு முழுக்கக் கவிழ்த்து வையுங்கள். வெறும் வெள்ளைத் தாளில் வெள்ளைத் தூள் தெரிவதில்லை. படிவத்துக்கும், நுண்ணோக்கி வாங்கும் தீர்மானத்துக்கும் உறுப்பினர்களின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்