வாட் கணக்கில் வாங்கப்படும் பேஸ் பாக்ஸ்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலையரங்குகளுக்கும் சமுதாயக் கூடங்களுக்கும் ஒலிபெருக்கிச் சாதனங்கள் வாங்குவதற்கான ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவருகின்றன. மேடைக் கச்சேரிகளுக்கு ஒலியமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் அவற்றைத் தேடிப் படிப்பது என் வழக்கம். கனத்த ஒலிக்கென்று தனியே வைக்கப்படும் சப்வூஃபர்களை, அதாவது எங்கள் புழக்கத்தில் பேஸ் பாக்ஸ் எனப்படுவதை, ‘18 அங்குலம், இத்தனை ஆயிரம் வாட்’ என்ற ஒற்றை வரியோடு அவற்றில் பல முடித்துவிடுகின்றன. தனியார் திருமண மண்டபங்கள் வாங்கும் முறையும் பெரும்பாலும் இதுதான். இப்படி வாங்கிய பெட்டி, அதன் ஸ்பீக்கர் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் கருகி, ஓராண்டில் மூலைக்குப் போவதையும், மெல்லிசைக் குழுவினர் மண்டபத்துச் சாதனத்தைத் தொடாமல் வாடகைக்கு வேறு செட் கொண்டுவருவதையும் நான் பல ஊர்களில் பார்த்துவருவதால் இதை எழுதுகிறேன்.

வாட் என்பது ஒரு பெட்டி எவ்வளவு மின்திறனைத் தாங்கும் என்பதற்கான கணக்கு. எவ்வளவு சத்தம் தரும் என்பதற்கான கணக்கு அன்று. தாங்கும் கணக்கிலும் மூன்று வகை உண்டு. தொடர்ந்து கொடுத்தால் 500 வாட் தாங்கும் ஒரு பெட்டியை ‘புரோகிராம்’ (ஏறி இறங்கும் இசைக்கான) கணக்கில் 1000 வாட் என்றும், ‘பீக்’ (நொடிப்பொழுது உச்சத்துக்கான) கணக்கில் 2000 வாட் என்றும் அச்சிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மூன்றும் பொய்யல்ல என்றாலும், எந்தக் கணக்கு என்று கேட்காமல் ஒருவருடைய 2000-ஐ இன்னொருவருடைய 500-உடன் ஒப்பிட்டு விலைப்பட்டியல் தயாரிக்கும்போது, நேர்மையாகச் சிறிய எண்ணைக் கொடுத்தவர் முதல் சுற்றிலேயே கழித்துக்கட்டப்படுகிறார்.

வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது உணர்திறனை. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. மின்திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. 95 டெசிபல் உணர்திறன் கொண்ட பெட்டிக்கு 2000 வாட் கொடுத்தால் கணக்குப்படி 128 டெசிபல் வரும். 98 டெசிபல் பெட்டிக்கு 1000 வாட் கொடுத்தாலே அதே 128 வந்துவிடும். இரண்டும் ஒரே சத்தம்தான். ஆனால் முதல் பெட்டிக்கு இரு மடங்கு பெரிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வேண்டும், தடித்த கேபிள் வேண்டும், மின்சாரமும் கூடுதலாக வேண்டும். அதோடு அதன் சுருள் அதிகம் சூடாகும். செம்பின் வெப்பநிலை 200 டிகிரி உயர்ந்தால் அதன் மின்தடை ஏறத்தாழ 80 சதவீதம் கூடுகிறது. அதனால் சுருளுக்குள் போகும் மின்திறன் குறைந்து, ஒன்பது மணிக்கு அதிர்ந்த பேஸ் பத்து மணிக்குத் தொய்ந்துபோகிறது. உடனே ஆபரேட்டர் இன்னும் ஏற்றுகிறார். சுருள் கருகும் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது, பெட்டி எவ்வளவு கீழே இறங்கும், அதாவது எவ்வளவு தாழ்ந்த சுரம் வரை ஒலிக்கும் என்பது. நான்கு தந்தி பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி என்றால் 31. விளம்பரத் தாளில் ‘35 ஹெர்ட்ஸ் வரை’ என்று இருந்தால், அந்த இடத்தில் ஒலி எத்தனை டெசிபல் குறைந்திருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். 3 டெசிபல் குறைவு என்றால் உண்மையாகவே பயன்படும். 10 டெசிபல் குறைவு என்றால் பெயருக்குத்தான். சாதாரண மெல்லிசைக் கச்சேரிக்கு 40 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் பெட்டி போதும் என்பது என் கருத்து. அதற்கும் கீழே போக ஆசைப்பட்டால் பெட்டியின் அளவும் விலையும் தாறுமாறாக ஏறும்.

கர்நாடக இசை நடக்கும் சபாக்களுக்கு சப்வூஃபர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயமான கேள்விதான். குரலுக்கும் வயலினுக்கும் அது தேவையில்லை. ஆனால் மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில்) அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் வழித்தெடுத்து, மறுபடி தட்டிப் பார்த்துச் சேர்க்கும் அந்தக் கனம், 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருக்கிறது. சிறிய பெட்டிகளில் தொப்பியின் அந்தக் கும்கி நாதம் வெறும் ‘டப்’ என்ற ஓசையாகிவிடும். எனவே சபாவுக்கும் அளவான ஒரு பேஸ் பாக்ஸ் வேண்டும். ஆனால் மிக்ஸரில் தனி ஆக்ஸ் (தேர்ந்த மைக்குகளை மட்டும் தனியே அனுப்பும் வழி) வழியாக மிருதங்கம், தவில் போன்றவற்றை மட்டுமே அதற்கு அனுப்ப வேண்டும். எல்லா மைக்கையும் அனுப்பினால் பாடகரின் மூச்சும் மைக் ஸ்டாண்டில் கால் படும் ஓசையும் அரங்கம் முழுக்க முழங்கும். அதைக் கேட்டு நொந்துதான் சில ரசிகர்கள் மைக்கே வேண்டாம் என்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியவில்லை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் ஒரு பைசா செலவின்றிக் கிடைக்கும் ஆதாயம் இருக்கிறது. நம் வெப்பத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். மேடையின் இடப்புறம் இரண்டு, வலப்புறம் இரண்டு என்று வைத்தால், நட்ட நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரு பக்க ஒலியும் ஒன்றுகூடி நெஞ்சை அடைக்கும். சற்றுத் தள்ளி, ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் தூர வித்தியாசம் மூன்றரை மீட்டராக இருக்கும் நாற்காலியில், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பேஸே இல்லாமல் போகும். அங்கிருப்பவர் சத்தம் போதவில்லை என்று கைகாட்டுவார்; ஏற்றினால் நடுவில் இருப்பவர் எழுந்து போவார். அதே நான்கு பெட்டிகளை மேடைக்கு முன்னால், நடுவில், தரையோடு சேர்த்து ஒன்றாக அடுக்கினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தீர்ந்துவிடும். அருகருகே வைத்த இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் அதே மின்திறன் கொடுக்கும்போது, ஒன்றைவிட 6 டெசிபல் வரை கூடுதலாகத் தரும். பூ அலங்காரம் மறைகிறது, முன்வரிசையில் பிரமுகர்கள் அமர்கிறார்கள் என்று நிர்வாகிகள் மறுப்பது உண்டு. முன்வரிசையைச் சில அடி பின்னால் தள்ளிப் போட்டால் இரண்டும் சரியாகும். உள்ளே குடைவாக இருக்கும் பலகை மேடையின் மேல் மட்டும் பேஸ் பாக்ஸை ஏற்றவே கூடாது. பலகை அதிர்ந்து, அந்த அதிர்வு மைக்கில் ஏறி, ஊளையாகத் திரும்பி வரும்.

இனி மின்சாரம். பெட்டிக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இதற்கு ஒதுக்குவதே இல்லை. ஆம்ப்பிலிருந்து பெட்டிக்கு 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்தால், போக வர 60 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.44 ஓம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணைத்த 4 ஓம் பெட்டிக்கு, கம்பியே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால், ஐந்தில் ஒரு பங்கு மின்திறன் குறைவாகவே போய்ச் சேரும். கம்பி மெலிந்தால் இழப்பு இன்னும் கூடும். ஆம்ப்பைப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோய் வைத்தாலே இது தீரும்.

ஆம்ப்புக்கு வரும் மின்சாரத்தின் நிலை இதைவிட மோசம். சமையற்கட்டுக் கிரைண்டர், ஏ.சி., சீரியல் விளக்குகள், மேடையின் எல்.இ.டி. திரை ஆகிய எல்லாம் மும்முனை மின்சாரத்தின் ஒரே ஃபேஸில் (முனையில்) தொங்கும் மண்டபத்தில், முகூர்த்த நாள் மாலையில் மேடை பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 காட்டுவது அபூர்வமல்ல. டிரம் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் மேடை விளக்கு மங்கி எரிந்தால், பேஸுக்குத் தேவையான மின்சாரம் வரவில்லை என்று பொருள். விளக்குக்கு ஒரு ஃபேஸ், ஒலிக்கு ஒரு ஃபேஸ், மற்றவற்றுக்கு ஒன்று எனப் பிரித்து, மேடையருகே ஒலிக்கென்று தனி மெயின் பெட்டி அமைப்பது பெரிய செலவில்லை. ஜெனரேட்டர் வைப்பவர்களும் முடிந்தால் ஒலிக்குத் தனியாக ஒன்று வைப்பது நல்லது. 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் 0.8 மின்திறன் காரணியில் தருவது 50 கிலோவாட்டுதான். அதுவும் மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால்.

ஜெனரேட்டரில் நான் முதலில் பார்ப்பது டீசலை அன்று, நியூட்ரல் (மூன்று ஃபேஸுக்கும் பொதுவான கம்பி) போல்ட்டை. அது தளர்ந்து விட்டுப்போனால், மூன்று ஃபேஸிலும் சுமை சமமாக இல்லாத நிலையில், சுமை குறைந்த ஃபேஸில் இருக்கும் சாதனங்களுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கி வரக்கூடும். ஒரு நொடியில் ஆம்ப், மிக்ஸர், கீபோர்டு எல்லாம் போய்விடும். அதைவிடக் கொடியது, ‘ஹம்’ சத்தம் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடும் பழக்கம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடிக்கும் பாடகரின் உயிரோடு விளையாடுவது அது. மேடை மின்னிணைப்புக்கு முறையான எர்த்தும், 30 மில்லிஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத அரங்கை வாடகைக்கு விடவே அனுமதிக்கக் கூடாது என்பேன்.

ஆம்ப்பைப் பொறுத்தவரை, பெட்டி தொடர்ந்து தாங்கும் திறனைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருப்பது சரி. ஆனால் லிமிட்டர் (ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் அமைப்பு) முறையாக அமைக்கப்பட்டிருக்க வேண்டும். துளை வைத்த பெட்டிகளில், அது வடிவமைக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி போனால் கூம்புக்குக் காற்றின் தாங்கல் கிடைக்காமல் அது கட்டுமீறி ஆடும். காதுக்குச் சத்தம் கூடிக் கேட்காது, சுருள் மட்டும் அடிபடும். ஆகவே பெட்டியைப் பொறுத்து 30, 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும் ஃபில்ட்டர் கட்டாயம். இவற்றைக் கவனிக்க நிரந்தர ஆள் இல்லாத சமுதாயக் கூடங்களுக்கு, ஆம்ப்பும் லிமிட்டரும் ஃபில்ட்டரும் உள்ளேயே அமைந்த பவர்டு பெட்டிகளே ஏற்றவை. பழுதானால் சென்னைக்கோ கோவைக்கோ அனுப்பிக் காத்திருக்க வேண்டும் என்ற குறை அவற்றில் உண்டு. இருந்தாலும் யார் வேண்டுமானாலும் திருகும் குமிழ்களுக்கு நடுவே அவைதான் அதிகக் காலம் தாங்குகின்றன.

அக்கம்பக்கத்தாரையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம் எவ்வளவு இருக்கலாம் என்பதை டெசிபல்-ஏ அளவில், அதாவது காதின் உணர்வுக்கு ஏற்பத் திருத்திய அளவில், கூறுகின்றன. உச்ச வரம்பு 75. இந்த ‘ஏ’ அளவீடு 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்தே கணக்கிடும். சுவரைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலை நடுங்க வைப்பது அந்த ஒலிதான். மீட்டர் விதிக்குள் காட்டும்போதும் தொட்டிலில் குழந்தை விழித்துக்கொள்வது இதனால்தான். மூன்று பெட்டிகளில் ஒன்றைப் பின்புறமாகத் திருப்பி, அதற்குத் தகுந்த தாமதமும் மாற்றுத் துருவமும் (பிளஸ், மைனஸ் மாற்றி) கொடுத்து இயக்கினால், மேடைக்குப் பின்னால் போகும் பேஸைப் பெருமளவு குறைக்கலாம். பாடகர்களுக்கும் மேடையில் இரைச்சல் குறையும்.

அடுத்து வெளியாகும் ஒப்பந்தப்புள்ளிகளில் தொடர்ந்து தாங்கும் வாட், உணர்திறன், 3 டெசிபல் குறையும் அதிர்வெண் ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்குமாறும், மேடைக்கான தனி மின்னிணைப்பையும் எர்த்தையும் அதே மதிப்பீட்டில் சேர்க்குமாறும், பணம் கொடுக்கும் முன் அரங்கில் உண்மையான ஒரு கச்சேரியை வைத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்குமாறும் உள்ளாட்சிப் பொறியாளர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒலியமைப்பாளர் ஒருவர்,
தஞ்சாவூர்.